அடியும் சிண்டும்



பறை இசைப்போர் இரு குச்சிகளைக் கையாளுவர். தடித்துக் குட்டையாக இருப்பது அடிக்குச்சி. மெலிந்து நீண்டிருப்பது சிண்டு. அடி முழங்கும், சிண்டு மெல்லெனச் சிலிர்க்கும். வலிதும் மெலிதுமாகிய இவ்வேற்றுமையே பறையின் பேச்சு எனலாம்.

சாவுக்குரியது என்றும் தீண்டத்தகாதது என்றும் ஒதுக்கப்பட்ட இக்கருவியைத் தலித் இளம்பெண்களின் தன்மானக் குரலாக ஒலிக்கச் செய்தது, திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு. அத்தகைய கலையை இன்று கைப்பேசிப் பதிவுகளைக் கேட்டுப் பழகும் பிள்ளைகளும் உளர். பதிவில் ஒலிப்பது கலைஞரின் கையா, இயந்திரத்தின் வேலையா என்று பிரித்தறியும் செவி அவர்களுக்கு வேண்டும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் 'கம்ப்ரஸர்' என்றொரு சாதனம் உண்டு. குறித்த எல்லையைத் தாண்டும் ஒலியை அது அடக்கும். 4-க்கு 1 என்று அமைத்தால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய அடி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக ஒலிக்கும். பின்னர் பதிவு முழுவதையும் உயர்த்துவர்; அப்போது மெல்லொலிகளும் மேலெழும். கோப்பின் அளவைச் சுருக்கும் எம்.பி.3 முறை வேறு, இது வேறு.

இதனைச் செவி அறிவது எங்ஙனம்? ஒரே பறைப் பதிவை, ஒலி அடக்கியும் அடக்காமலும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே உரப்பில் இருத்தல் இன்றியமையாதது. உரத்ததே சிறந்தது என்று செவி எளிதில் மயங்கும். முதலில், அடி விழும் கணத்தைக் கவனியுங்கள். சாதனம் 1 மில்லி வினாடியில் செயற்பட்டால் அடியின் கூர்மை மழுங்கும். 30 மில்லி வினாடி தாமதித்தால் கூர்மை தப்பிப் பின்வரும் முழக்கமே தணியும். அடுத்து, ஒலி தேய்வதைக் கவனியுங்கள்; தோலின் அதிர்வு விரைவில் அடங்காது நீண்டு நிற்கும். மூன்றாவதாக, அடிகளுக்கு இடைப்பட்ட அமைதி. அங்கே கூடத்தின் எதிரொலி வீங்கி எழும். சிண்டும் அடிக்கு நிகராக ஒலிக்குமாயின், அடக்குதல் மிகுந்துவிட்டது என்று ஐயுறலாம்.

கம்ப்ரஸர் தீயதன்று. பேருந்து இரைச்சலுக்கு நடுவிலும் சிண்டின் ஒலி காதுக்கு எட்ட அது துணைபுரிகிறது. அளவு மீறினாலோ, எல்லா அடியும் ஒரே அடியாகிவிடும். அதையே கேட்டு வளரும் பிள்ளை, சிண்டையும் ஓங்கி அடிக்கவே கற்றுக்கொள்ளும்.

ஆதலின் பெற்றோரே, பறை நேரில் முழங்கும் இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் பதிவைக் கேட்கச் செய்யுங்கள். ஓரேபு மலையில் எலியா ஆண்டவரை உணர்ந்தது புயலிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அன்று, மெல்லிய ஒலியில் அன்றோ? சிற்றொலியைச் சிற்றொலியாகவே கேட்கப் பழகிய செவி, வீட்டிலும் பங்கிலும் தாழ்ந்து பேசுவோரின் குரலையும் தவறவிடாது.