இல்லத்துப் பொங்கல்: யார் யாருக்கு நன்றி சொல்வது?



தை முதல் நாள் நன்றியின் நாள். மழைக்கும் வெயிலுக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் உழவர் திருநாளைத் தமிழகத் திருச்சபை தன் விழாவாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. பல பங்குகளில் அன்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஆலய வளாகத்தில் அன்பியங்கள் பானை வைத்துப் பொங்கலிடுகின்றன. அந்த நாட்களில் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் குழந்தைகள் இல்லங்களுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, புத்தாடையோடு செல்பவர்களும் பலர். போற்றத்தக்க பழக்கம் இது. ஆயினும் அங்கே நடப்பதைச் சற்று உற்று நோக்குவோம்.

விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். வரவேற்பு நடனம், பொன்னாடை, உரைகள் எனப் பொழுது போகிறது. புத்தாடை கை மாறும் நொடியில் எல்லாரும் புகைப்படத்துக்குத் திரும்பி நிற்கிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி மனப்பாடம் செய்த நன்றியுரையை ஒப்பிக்கிறாள். கடவுளுக்கு நன்றி சொல்லும் விழா, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் விழாவாகிவிடுகிறது. நன்றி சொல்லும் சுமை, பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளையின் தோளில் ஏறிவிடுகிறது.

விவிலியம் காட்டும் அறுவடை விழா வேறு மாதிரியானது. இணைச்சட்ட நூலின் 16-ஆம் அதிகாரம் கூடாரத் திருவிழாவில் மகிழ்ந்திருக்க வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. மகனும் மகளும் உள்ள அதே பட்டியலில் அனாதையும் கைம்பெண்ணும் அந்நியரும் இருக்கிறார்கள். நிலக்கிழாருக்கு அனாதை நன்றியுரை கூற வேண்டும் என்று அங்கே கட்டளை இல்லை. 24-ஆம் அதிகாரமோ, வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டு அவர்களுக்கே உரியது என்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்பதே அதற்குக் காரணம். கொடுப்பவரும் பெறுபவரும் கடவுளுக்கு ஒரேபோலக் கடன்பட்டவர்கள். லூக்கா நற்செய்தியில் (17:11-19) குணம்பெற்ற பத்துப் பேரில் ஒருவர் தாமாகத் திரும்பி வந்து நன்றி செலுத்துகிறார். ஒப்பிக்கச் சொல்லி வாங்கிய நன்றி அல்ல அது.

நாட்டின் சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 நடைமுறைக்கு வந்த நாள் 2016 சனவரி 15. அந்த ஆண்டு அதுவே பொங்கல் நாள்! குழந்தை வளர வேண்டிய இடம் குடும்பம். வேறு வழியே இல்லாதபோது மட்டுமே இல்லம் என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படியே பிள்ளைகள் அங்கே தங்க வேண்டும். இவர்களைப் பற்றிய விசாரணை, நடவடிக்கைச் செய்திகளில் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடை செய்கிறது; மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அச்சட்டத்தின் உள்ளக்கருத்து நம் விழாப் படங்களுக்கும் பொருந்தும். நாம் பெருமையோடு வாட்ஸ்அப்பில் பகிரும் படம், அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் 'இல்லத்துப் பிள்ளை' என்ற முத்திரையாகிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்றவர் நம் ஆண்டவர்.

இன்னொரு உண்மையும் உண்டு. இல்லங்களில் இருப்போர் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடிருந்தும், வறுமையாலும் நோயாலும் குடியாலும் அங்கே வந்துசேர்ந்தவர்கள் பலர். பொங்கல் விடுமுறைக்குச் சிலரை அழைத்துப்போக உறவினர் வருவார்கள். யாரும் வராத பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஒரு மூட்டை அரிசி பதிலாகாது.

எனவே நம் நன்றியைச் செயலாக்குவோம். பொங்கலன்று விருந்தினராகப் போகாமல் வீட்டாரைப்போலப் போவோம். பிள்ளைகளோடு கோலமிட்டு, அடுப்பு மூட்டி, ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். மேடையும் கேமராவும் வேண்டாம். நன்றி மன்றாட்டை அவர்களோடு சேர்ந்து நாமும் இறைவனுக்குச் சொல்வோம்.

பொங்கல் முடிந்தபின் இன்னும் பெரிய வேலை இருக்கிறது. கணவனை இழந்த தாய் தன் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க அவருக்கு உதவுவது அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் செய்யக்கூடிய பணி. 18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறும் இளையோருக்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தர ஒரு பங்கால் முடியாதா?

நற்கருணை என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நன்றி செலுத்துதல் என்று பொருள். அங்கே அப்பம் எல்லாருக்கும் ஒரே கையால் பகிரப்படுகிறது. அடுத்த தைத்திருநாளில் ஒரு பிள்ளையாவது தன் வீட்டு முற்றத்தில் பொங்கலிட்டால், அதுவே நாம் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிக் காணிக்கை. சிந்திப்போம், செயல்படுவோம்.