ஹிட்லரின் ஆயுதங்களுக்குப் பணம் கண்டுபிடித்த நிபுணர்: ஹியால்மர் ஷாக்ட் கதை இப்போது ஏன் முக்கியம்?

2025 மார்ச்சில் ஜெர்மனி நாடாளுமன்றம் ஒரு பெரிய முடிவை எடுத்தது. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று அரசியல் சாசனத்திலேயே போட்டு வைத்திருந்த பூட்டைத் தளர்த்தியது. பாதுகாப்புச் செலவில் ஜிடிபியின் 1 சதவீதத்தைத் தாண்டும் தொகை இனி அந்தக் கடன் வரம்புக்குள் வராது. கூடவே ரயில், பாலம், பள்ளி போன்ற கட்டமைப்புக்காக 50,000 கோடி யூரோவில் ஒரு தனி நிதி.

வேறு நாடாக இருந்தால் இது ஒரு நாள் செய்தி. ஜெர்மனியில் இது பல வருட சண்டை. 2023 நவம்பர் 15 அன்று அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், கொரோனாவுக்காக ஒதுக்கிய 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று சொல்லிவிட்டது. அங்கே ஆரம்பித்த பட்ஜெட் தகராறு, ஒரே வருடத்தில் ஆட்சிக் கூட்டணியையே உடைத்தது.

கடன் என்றாலே ஜெர்மனிக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? எல்லோரும் சொல்லும் பதில்: 1923-ன் பணவீக்கம். ஆனா அது பாதிக் கதைதான். மீதிப் பாதி 1934-ல் இருக்கிறது. இரண்டு பாதியிலும் ஒரே ஆள் வருகிறார்: ஹியால்மர் ஷாக்ட்.

சரி, யார் இந்த ஷாக்ட்?

1877-ல் பிறந்தவர். பிறந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது டென்மார்க்கில் இருக்கிறது. அப்பா சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் மகனுடைய பெயரில் ஹோரஸ் கிரீலி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பெயரையும் சேர்த்தார். ஷாக்ட் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, வங்கித் துறைக்குப் போனார்.

முக்கியமான விஷயம்: அவர் ஆரம்பத்தில் வலதுசாரி தீவிரவாதி எல்லாம் இல்லை. முதல் உலகப் போரில் தோற்று, மன்னராட்சி விழுந்த 1918-ல், ஜெர்மன் ஜனநாயகக் கட்சி என்ற தாராளவாதக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1923-ல் என்ன ஆச்சு?

போர்ச் செலவுக்கு வாங்கிய கடன், வெற்றி பெற்ற நாடுகளுக்குக் கட்ட வேண்டிய இழப்பீடு, பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியை ஆக்கிரமித்தது என எல்லாம் சேர்ந்து அழுத்த, அரசு நோட்டு அடித்துக்கொண்டே இருந்தது. போருக்கு முன்பு ஒரு டாலர் 4.2 மார்க். 1923 நவம்பர் 20-ல் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டி வாங்கக்கூடக் காணாமல் போனது.

அந்த மாதம்தான் ஷாக்ட்டை நாணய ஆணையராக நியமித்தார்கள். நிதி அமைச்சகத்தில் முன்பு துப்புரவுச் சாமான்கள் வைத்திருந்த ஒரு இருண்ட அறைதான் ஆபீஸ். கூட ஒரு செயலாளர், ஒரு போன்.

நவம்பர் 15-ல் ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்தது. ஆமாம், மேலே சொன்ன தீர்ப்புக்குச் சரியாக 100 வருடம் முன்பு. ஒரு ரென்டன்மார்க் என்பது பழைய 1 லட்சம் கோடி மார்க். நிலத்தையும் தொழிற்சாலைகளையும் அடமானமாகக் காட்டி வெளியிட்ட பணம் இது. அந்த யோசனை ஷாக்ட்டுடையது இல்லை. அவர் செய்தது, பணத்தின் அளவுக்கு வைத்த வரம்பை விட்டுக்கொடுக்காமல் காத்தது. மொத்தம் 320 கோடிக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கண்டபடி சொந்த நோட்டு அடித்துக்கொண்டிருந்த நகராட்சிகளுக்கும் கம்பெனிகளுக்கும் அவர் சொன்னது 'முடியாது' என்ற ஒரே பதில்தான்.

வேலை செய்தது. பணவீக்கம் நின்றது. டிசம்பரில் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்கின் தலைவர் ஆனார். நாட்டைக் காப்பாற்றிய மேதை என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் பின்னாடி ஹிட்லருக்குத் தேவைப்பட்டது.

ஹிட்லர் பக்கம் எப்படிப் போனார்?

ஒரே நாளில் இல்லை, படிப்படியாக.

1926-ல் சொந்தக் கட்சியை விட்டு விலகினார். 1929-ல் இழப்பீட்டுத் தொகையை மாற்றியமைத்த 'யங் திட்டத்தில்' கையெழுத்துப் போட்டார். பிறகு அதையே எதிர்த்தார். அதே டிசம்பரில், அரசு வெளிநாட்டில் கடன் வாங்குவதைத் தடுத்து, அன்றைய நிதி அமைச்சர் ருடால்ஃப் ஹில்ஃபர்டிங் ராஜினாமா செய்யும் நிலையை உருவாக்கினார். 1930 மார்ச்சில் தானும் பதவியை விட்டார்.

அந்த வருடத் தேர்தலில் நாஜிகள் 12 இடங்களில் இருந்து 107-க்குத் தாவினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஷாக்ட்டுக்குப் புரிந்தது. 1931 ஜனவரியில் ஹிட்லரை நேரில் சந்தித்தார். 1932 நவம்பரில், ஹிட்லரைப் பிரதமராக்கச் சொல்லி அதிபர் ஹிண்டன்பர்க்குக்குத் தொழிலதிபர்களோடு சேர்ந்து கடிதத்தில் கையெழுத்திட்டார்.

1933 பிப்ரவரி 20 அன்று, ஹெர்மன் கோரிங் வீட்டில் சுமார் 25 பெரிய தொழிலதிபர்கள் கூடினார்கள். ஜனநாயகத்தில் தனியார் தொழில் பிழைக்க முடியாது என்கிற ரீதியில் ஹிட்லர் பேசினார். அதைக் கேட்டு முடித்ததும் தேர்தல் நிதி திரட்டும் வேலையை எடுத்துக்கொண்டவர் ஷாக்ட். வசூல் 30 லட்சம் மார்க். அடுத்த மாதமே ரைக்ஸ்பாங்க் தலைவர் நாற்காலி திரும்பக் கிடைத்தது. 1934 ஆகஸ்டில் பொருளாதார அமைச்சர் பதவியும் வந்தது.

அதாவது, ஹிட்லர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் போய்ச் சிக்கிய ஆள் இல்லை இவர்.

மெஃபோ பில்: அந்த மேஜிக் என்ன?

1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலை இல்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். ஹிட்லருக்கு ஆயுதம் வேண்டும். ஆனா நோட்டு அடித்தால் 1923 திரும்பும், வெளிப்படையாகக் கடன் வாங்கினால் உலகத்துக்கே தெரிந்துவிடும். வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி பெரிய ராணுவம் வைத்துக்கொள்ளவும் கூடாது.

ஷாக்ட் கண்டுபிடித்த வழி இதுதான்:

1. உலோக ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில், சுருக்கமாக 'மெஃபோ', ஒரு கம்பெனி. மூலதனம் வெறும் 10 லட்சம் மார்க். நிஜத்தில் எந்த ஆராய்ச்சியும் கிடையாது.

2. ஆயுதம் தயாரிக்கும் கம்பெனிக்கு அரசு காசு தராது. பதிலாக மெஃபோ பெயரில் ஒரு பில். பின்தேதியிட்ட செக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

3. அந்த பில்லை எப்போது கொண்டு வந்தாலும் பணமாக்கித் தருகிறோம் என்று மத்திய வங்கியே உத்தரவாதம் கொடுக்கும். அதனால் எல்லா வங்கியும் அதை வாங்கும். 4 சதவீத வட்டி வேறு.

4. பில்லின் கெடு 3 மாதம். ஆனா 5 வருடம் வரை தள்ளிக்கொண்டே போகலாம்.

5. இது எதுவும் பட்ஜெட்டில் வராது.

1938 வரை இப்படி வெளியான பில்களின் மதிப்பு சுமார் 1,200 கோடி மார்க். கம்பெனியின் மூலதனத்தைப்போல 12,000 மடங்கு! தொழிற்சாலைகள் ஓடின. கட்டாய ராணுவ சேவையும் சேர்ந்துகொள்ள, 1936-ல் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. வெளியில் பார்த்தால் பொருளாதார அதிசயம். உள்ளே பார்த்தால், போருக்கான கடன் பில்.

அவர் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார். ஆனா எதை, எப்போது என்பதைப் பாருங்கள்.

1935 ஆகஸ்டில் கோனிக்ஸ்பெர்க் நகரில் பேசும்போது, யூதர்கள் மீது தெருவில் நடக்கும் தாக்குதல்களைக் கண்டித்தார். ஆனா சட்டம் போட்டு யூதர்களை ஒதுக்குவதை அவர் எதிர்க்கவில்லை. வியாபாரம் கெடுகிறது, ஒழுங்கு போகிறது என்பதுதான் கவலை. அடுத்த மாதமே நியூரம்பெர்க் இனச் சட்டங்கள் வந்தன. அவர் அமைச்சராகத் தொடர்ந்தார்.

1936-ல் ஹிட்லர் நான்காண்டுத் திட்டத்தைக் கோரிங்கிடம் கொடுத்தார். ஆயுதச் செலவின் வேகத்தைக் குறைக்கச் சொன்ன ஷாக்ட் ஓரங்கட்டப்பட்டார். 1937 நவம்பரில் பொருளாதார அமைச்சர் பதவியை விட்டார், வங்கித் தலைவர் பதவியை விடவில்லை.

1939 ஜனவரி 7 அன்று ஷாக்ட்டும் ரைக்ஸ்பாங்க் இயக்குநர்களும் ஹிட்லருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்கள். இப்படியே செலவு செய்தால் பணத்தின் மதிப்பு போய்விடும் என்று எச்சரித்தார்கள். ஜனவரி 20 அன்று ஷாக்ட் வேலையில் இல்லை. ஜூனில் வந்த புதிய சட்டம் ரைக்ஸ்பாங்கை நேரடியாக ஹிட்லரின் உத்தரவுக்குக் கீழே கொண்டு வந்தது.

1923-ல் அவர் 'முடியாது' என்றபோது கேட்டார்கள், ஏனென்றால் பின்னால் சட்டமும் நாடாளுமன்றமும் பத்திரிகையும் இருந்தன. 1939-ல் எதுவும் இல்லை. அதையெல்லாம் ஒழித்த ஆட்சிக்குத் தேர்தல் நிதி வசூலித்துக் கொடுத்தவரே அவர்தான். தான் இல்லாமல் நடக்காது என்று நம்பினார். ஆனா ஆயுதம் செய்யப்பட்டு முடிந்த பிறகு, அவர் இல்லாமலே நடந்தது.

இதோடும் முடியவில்லை. பதவி பறிபோன பிறகும், துறை இல்லாத அமைச்சர் என்ற பட்டத்தை 1943 ஜனவரி வரை வைத்திருந்தார்.

நியூரம்பெர்க்கில் விடுதலை எப்படி?

1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பின் ஷாக்ட்டும் கைதானார். வதை முகாம்களில் வைக்கப்பட்டார். போர் முடிந்ததும் அமெரிக்கப் படை மீட்டது, பிறகு அதுவும் சிறை வைத்தது. நியூரம்பெர்க் விசாரணையில் குற்றவாளிகளுக்கு நடத்திய ஐக்யூ சோதனையில் அதிக மதிப்பெண் இவருக்குத்தான்: 143.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நான் பொருளாதாரத்தைப் பார்த்தேன், போரை நான் திட்டமிடவில்லை.

ஆயுதம் சேர்த்ததில் ஷாக்ட் மையமான ஆள் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனா ஆயுதம் சேர்ப்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆக்கிரமிப்புப் போருக்காக என்று தெரிந்தே செய்தார் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணம் ஆகவில்லை என்றது. 1946 அக்டோபர் 1 அன்று விடுதலையான மூன்று பேரில் அவர் ஒருவர். சோவியத் நீதிபதி இதை ஏற்காமல் தனிக் கருத்து எழுதினார். பிறகு ஜெர்மன் விசாரணை மன்றம் ஒன்று 8 ஆண்டு தொழிலாளர் முகாம் தண்டனை கொடுத்தது. 1948-ல் வெளியே வந்துவிட்டார். அப்புறம் இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கு ஆலோசகர், டுசல்டார்ஃப் நகரில் சொந்த வங்கி. 1970-ல், 93 வயதில் இறந்தார்.

ஹில்ஃபர்டிங் ஞாபகம் இருக்கிறதா? 1929-ல் ஷாக்ட்டால் பதவி இழந்த நிதி அமைச்சர். அவரும் பெரிய பொருளாதார நிபுணர். யூதர், சோஷியலிஸ்ட். 1933-ல் நாட்டை விட்டு ஓடினார். பிரான்ஸின் விஷி அரசு அவரை ஜெர்மனியிடம் ஒப்படைத்தது. 1941 பிப்ரவரியில் பாரிஸில், கெஸ்டபோ காவலில் இறந்தார்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

2025-ன் தனி நிதியை மெஃபோ பில்லோடு ஒப்பிட்டால் அது தப்பு. இன்றைய கடன் நாடாளுமன்றத்தில் விவாதித்து, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு நிறைவேறியது. தொகை எல்லோருக்கும் தெரியும். தப்பாகச் செய்தால் நீதிமன்றம் நிறுத்தும், 2023-ல் நிறுத்தியது. வித்தியாசம் கடனின் அளவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

போருக்குப் பிறகு ஜெர்மனி கற்றுக்கொண்டதும் அதுதான். நல்ல நிபுணர் ஒருவர் தைரியமாக மறுப்பார் என்று நம்பி இருக்க முடியாது, மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்க வேண்டும். 1957-ல் வந்த புந்தஸ்பாங்க் சட்டம், மத்திய வங்கி அரசின் உத்தரவுக்குக் கட்டுப்படாது என்று எழுதியது. 1958-ல் அதன் தலைவரான கார்ல் பிளெஸிங், 1939 குறிப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். இன்று ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தமே, மத்திய வங்கிகள் அரசுகளுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கக் கூடாது என்கிறது.

எனவே எந்த நாட்டிலும் ஒரு 'சிறப்பு நிதி' அறிவிப்பு வரும்போது மூன்று கேள்வி கேட்கலாம். பணம் பட்ஜெட்டில் தெரிகிறதா? யார் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள்? நிறுத்தச் சொல்ல யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா?

நான்காவது கேள்வி அரசுக்கு இல்லை, வேலை தெரிந்தவர்களுக்கு. கோடு எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், விளம்பரம் செய்பவர் என யாருக்கும் பொருந்தும். "நான் என் வேலையைத்தான் செய்தேன்" என்பது ஷாக்ட்டுக்குக் கோர்ட்டில் போதுமானதாக இருந்தது. ஆனா அந்த 1,200 கோடி மார்க்கில் செய்த டாங்கிகள் போலந்துக்குள் நுழைந்தபோது, அவர் எந்த எண்ணத்தோடு பில் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.