அந்தமானில் அரசு போட்டில் ஏறுங்கள்

போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் அதற்கு முன்பே, 2018-இல், சுவராஜ் தீவு ஆகிவிட்டது. ஆனால் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வரிசையில் நிற்பவர்கள் இன்னும் பழைய பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து தீவு தீவாகத் தனியே சுற்றக் கிளம்பும் ஒருவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்தத் தீவுக்குப் போவது என்பதைவிட, எந்தப் படகில் போவது என்பதைத்தான்.

தனியார் கேட்டமரான் ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக்கில் கொண்டுபோய் விடும். எண் போட்ட இருக்கை, ஏசி, மூடிய கண்ணாடி. தேனிலவுத் தம்பதிகளும் பேக்கேஜ் டூர் குடும்பங்களுமாக நிறைந்திருக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இறங்கிவிடலாம். அரசு போட்டுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். டெக்கில் தென்னங்கன்று, அட்டைப்பெட்டிக்குள் டிவி, சாக்குக்கட்டு, அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளை. கட்டணமும் குறைவுதான். ஆனாலும் விளம்பரமெல்லாம் முதல் வகைக்கே.

தனியாகப் போகிறவர்கள், வழியில் கிடைத்த நட்பையெல்லாம் தங்கள் துணிச்சலுக்குக் கிடைத்த பரிசாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் அந்த நட்புக்குக் காரணம் பெரும்பாலும் படகுதான். மெதுவாகப் போகிற படகு, திறந்த டெக், போக வேறு இடமில்லை. பேசாமல் என்ன செய்வார்கள்?

எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். நீல் தீவிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பும் வங்காளி விவசாயியாக இருக்கலாம். பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்களின் தீவு அது. சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ராமாயணத்தையே அந்தச் சின்னத் தீவில் பரப்பி வைத்திருக்கிறார்கள். மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இனத்தவராக இருக்கலாம். 1925-இல் பர்மாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர். காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்றும் ‘ராஞ்சி’ என்றே அழைக்கப்படும் குடும்பத்தவராக இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், அதில் ஏறக்குறைய 15 சதவீதம் தமிழர். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் சிலரைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது பலருக்குத் தெரியாது. ஆகவே டெக்கில் ஒரு தமிழ் வார்த்தை காதில் விழுந்தால் போதும், “தமிழா? எந்த ஊரு? தனியாவா வந்தீங்க?” என்று மூன்று கேள்வி ஒன்றாக வரும். தனியாக வரும் பெண்ணுக்கு, குடும்பங்கள் நிறைந்த இந்த டெக்கைவிட நல்ல இடம் இல்லை. கழிப்பறைக்குப் போய்வரும்வரை பையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா நிச்சயம் கிடைப்பார்.

ஆனால் இந்தப் படகு சுற்றுலாவுக்காக ஓடுவதல்ல. டிக்கெட்டில் தீவுவாசிகளுக்குச் சலுகையும் முன்னுரிமையும் உண்டு; இருக்கத்தான் வேண்டும். போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி.பந்த் மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு இதுதான் வழி. டிசம்பர், ஜனவரியில் இடம் கிடைக்கவில்லை என்று வெளியூர்க்காரர் கோபப்படுவதில் நியாயம் இல்லை. ‘ஒருத்தர்தானே, எப்படியாவது ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சுவதும் கூடாது. 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவு அருகே அளவுக்கு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்துக்காரர்கள்.

யாரைச் சந்திக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. தனியாகத் தீவைத் தேடிப் போனவர்களில் உலகமே அறிந்த பெயர் ஜான் ஆலன் சாவ். 26 வயது அமெரிக்கரான அவர், 2018 நவம்பரில், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து வடக்கு சென்டினல் தீவுக்குப் போனார். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அங்கே போவதைத் தடுக்கிறது. தீவினர் அம்பெய்து எச்சரித்தார்கள். மறுபடியும் போனார், கொல்லப்பட்டார். அழைத்துப்போன மீனவர்கள் கைதானார்கள். அதைச் சாகசம் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. வெளியார் வேண்டாம் என்று அம்பால் சொன்னவர்களிடம் சாகசத்துக்கு என்ன வேலை? அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலே தீவைக் காலிசெய்துவிடக்கூடும். ஜாரவா பழங்குடியினரின் காட்டின் ஊடே அந்தமான் டிரங்க் ரோட்டில் கான்வாயில் போகும்போது கேமராவை நீட்டுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள், சிறிய அளவில்.

நிர்வாகம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தனியார் கேட்டமரான்கள் வந்துவிட்டன என்பதற்காக அரசு போட்டுகளைக் கைவிடக்கூடாது. பழுதான கப்பலுக்கு மாற்று, சில நாள் முன்பே தெரியும் நேர அட்டவணை, இந்த இரண்டும் இருந்தால் தீவுவாசியின் சிரமம் பாதி தீரும்; மிஞ்சும் இடத்தில் வெளியூர்க்காரரும் நிம்மதியாக ஏறலாம். ஹேவ்லாக் வரை போகிறவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டியதும் இல்லை. லாங் ஐலண்ட் வழியாக ரங்கத் போகும் அரசு போட் உண்டு. தினமும் கிடையாது, கிளம்பும் நாளை முன்கூட்டியே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.