நீச்சல் தெரியும் என்பது ஒரு பதிலா?

கம்பம், குமுளி வழியாகத் தேக்கடிக்கும், பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகப் பரம்பிக்குளத்துக்கும் போகிற நம் ஊர்க்காரர்கள், தண்ணீரில் இறங்கும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் சொல்வது இதுதான்: “எனக்கு நீச்சல் தெரியும்ப்பா.” கூடவே இன்னொன்று: “டேம் தண்ணிதானே, அலையா அடிக்குது?” இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடிய பேச்சு.

2009 செப்டம்பர் 30 மாலை தேக்கடி ஏரியிலும் அலை இல்லை. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு, கரையோரம் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். யாரும் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. மேல்தளத்தில் பாரம் கூடிய படகு கவிழ அலை எதற்கு? ஆட்கள் இடம் மாறினாலே போதும்.

கிணற்றிலும் வாய்க்காலிலும் பழகிய நீச்சல் நாமாகக் குதிக்கும்போது கைகொடுக்கும். கவிழும் படகு நம்மைக் கேட்டுக்கொண்டு தள்ளுவதில்லை. கம்பியில் தலை மோதலாம், ஜீன்ஸும் சேலையும் காலைச் சுற்றலாம், நீச்சல் தெரியாத நான்கு பேர் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம். முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் தேக்கடியில் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கிடையே நினைவு தப்பியவனுக்கு என்ன நீச்சல்?

நீச்சல்தான் காக்கும் என்றால் ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்கு எந்த மிதவையும் தேவைப்படாது. ஆனால் கடலில் முக்குளிப்பவர்கள் மேலே வருமுன், ஐந்து மீட்டர் ஆழத்தில் நிற்கும்போதே, கயிறு கட்டிய ஆரஞ்சு நிறக் குழாய் மிதவையை ஊதி மேலே அனுப்புகிறார்கள். படகிலிருந்து பார்த்தால் மனிதத் தலை தேங்காய் அளவுதான், ஓர் அலை மறைத்தால் போயிற்று. அந்த மிதவையையும் விலை பார்த்து வாங்கிவிட முடியாது. அடி திறந்த மலிவு ரகம் மேலே வந்ததும் சாய்ந்து காற்றை விட்டுவிடும். வாய் மூடிக்கொள்வதாகவும், மிகைக் காற்றை வெளியேற்றும் வால்வு உள்ளதாகவும் இருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் நிரப்பிய காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காகிவிடுமே. தண்ணீரோடு நம்மைவிட அதிகம் பழகியவர்கள் இத்தனை யோசிக்கிறார்கள்.

ஆரஞ்சு நிறத்தில் எதையாவது மாட்டிக்கொண்டால் போதும் என்பது அடுத்த மூடநம்பிக்கை. ஜாக்கெட்டின் மிதப்பு விசையை நியூட்டனில் குறிப்பார்கள். 50 என்றால் நீந்தத் தெரிந்து, நினைவோடு இருப்பவருக்கு உதவி, அவ்வளவே. நினைவிழந்தவரைப் புரட்டி முகத்தை மேலே நிறுத்த 150 தரத்தை நம்பலாம். அளவும் முக்கியம். அணிந்தபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் காதுவரை ஏறக்கூடாது. பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டை அவசியம்.

ஜாக்கெட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூடிய கீழ்த்தளத்தில் தண்ணீர் நிறைந்தால் மிதவையே ஆளைக் கூரையோடு ஒட்டவைக்கவும் கூடும். ஆகவே படகின் அமைப்பும் ஆள்கணக்கும்தான் முதல் கேள்வி. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கும் பலருக்கு ஜாக்கெட் இல்லை, அங்கும் அது ஏரிதான். பயணிகளே ‘வேண்டாம்’ என்று கழற்றி வைத்தால், கொடுக்காத படகுக்காரருக்கு யார் பயம் காட்டுவது?

கொக்கி உடைந்திருந்தால், பட்டை அறுந்திருந்தால், வேறு ஜாக்கெட் கேளுங்கள். போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள். ஆள் அதிகம் என்று பட்டால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.