விரைவும் வேளையும்

நிகழ்நேரக் கணிப்பு என்றதும் நம்மவர்கள் வேகத்தையே நினைத்துக்கொள்கிறார்கள். குற்றம் பாதி அச்சொல்லுடையது. இங்கே வேண்டப்படுவது விரைவன்று, தவணை தவறாமை. கோடி முறை நொடிக்குள் விடையிறுத்துவிட்டு ஒரேயொரு முறை அயர்ந்துவிடும் இயந்திரக் கை, அந்த ஒருமுறையில் ஆளைக் கொல்லும்.

லினக்ஸை இப்பணிக்குப் பழக்க இரு வழிகள் தோன்றின. 1990களில் விக்டர் யோடைகனும் மைக்கேல் பரபானோவும் நியூ மெக்சிகோவில் ஆக்கிய ஆர்டி-லினக்ஸ் முதல் வழி. சிறியதொரு கெர்னல் அடியில் அமர்ந்து வன்பொருளின் குறுக்கீடுகளைத் தானே முதலில் வாங்கிக்கொள்ளும். முழு லினக்ஸும் அதன் கடைநிலை ஊழியன், பிற வேலை இல்லாதபோது மட்டும் ஓடும். ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்னும் மற்றது லினக்ஸையே உள்ளுக்குள் திருத்துவது. இங்கோ மோல்நார், தாமஸ் கிளெய்க்ஸ்னர் முதலியோர் 2000களின் நடுவில் தொடங்கிய இவ்வேலை, 2024இல் 6.12ஆம் பதிப்பில் மூல லினக்ஸில் முழுமையாக இடம்பெற்றது. அத்துடன் வழக்கு முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை என்கிறேன்.

இரண்டாம் வழியின் உறுதிமொழி எதன்மேல் நிற்கிறது? நாள்கணக்கில் ஓடவிட்டு, கண்ட தாமதங்களுள் பெரியதைக் குறித்துக்கொள்வதன்மேல். நேற்றுவரை இடியவில்லை என்பது பாலத்துக்குச் சான்றாகுமா? கோடிக்கணக்கான வரிகளில் எந்த மூலையில் எந்தப் பூட்டு காத்திருக்கிறதென்று யாரால் படித்துச் சொல்ல முடியும்? சிறு கெர்னலையோ ஒருவர் உட்கார்ந்து படித்துவிடலாம்.

பூட்டுச் சிக்கலுக்கு மருந்துண்டு என்பர்: பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைக் கடனாகத் தருவது. 1997இல் செவ்வாயில் பாத்ஃபைண்டர் கலம் மீண்டும் மீண்டும் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டபோது, அதன் விஎக்ஸ்-வொர்க்ஸ் இயங்குதளத்தில் இம்முறையைப் பூமியிலிருந்தே இயக்கித்தான் காத்தார்கள். மெய்தான். ஆனால் வானிலைப் பணியும் தலைமைப் பணியும் ஒரே பூட்டுக்குக் காத்துக் கிடந்ததன்றோ நோய்? யோடைகனும் இம்மருந்துக்கு எதிராக எழுதியவரே.

முதல் வழிக்கும் குறையுண்டு, மறைக்கவில்லை. நிகழ்நேரப் பணி ஒரு கோப்புக்காக லினக்ஸின் கதவைத் தட்டினால் உறுதிமொழி அங்கேயே போயிற்று. வன்பொருள் இயக்கிகளைத் தனியே எழுதவேண்டும். 1999இல் பெற்ற காப்புரிமையால் விளைந்த சச்சரவு வேறு.

ஒலிப்பதிவுக்கு ப்ரீஎம்ப்ட்-ஆர்டி போதும்; மனமாரப் போற்றுவேன். ஆளருகே சுழலும் இயந்திரக் கைக்கும் அதுவே போதுமென்போர், தாமதத்தின் இறுதி எல்லையை அளந்து காட்டாமல் நிறுவிக் காட்டட்டும். மறுப்புரைகளுக்குக் காத்திருக்கிறேன்.