இருண்ட திரையும் இருட்டுச் சொல்லும்

மடிக்கணினித் திரை இருண்டதும் "டிசுப்பிளே போயிற்று" என்கிறான் பழுதுபார்ப்போன். பொருளுணராது தலையசைத்து, புதுத்திரைக்குப் பணம் அழுகிறான் நம் பிள்ளை. போனது திரையா, பின்னொளியா? கைவிளக்கைத் திரைமேற் சாய்த்துப் பிடித்துப் பார்க்க. உருவம் மங்கலாய்த் தெரியின், அவிந்தது பின்னொளியே. அன்றி அதற்கு மின்விடும் வடம். பின்னொளி என்னும் சொல்லே பழுதின் இடத்தைக் காட்டிவிடுகிறதன்றோ! வெளித்திரையொன்றை இணைத்தபின் அதிற் படம் தோன்றின், கணினியின் உள்ளுறுப்புகள் நலமே. அங்கும் இருளாயின், மின்னூட்டியையும், கழற்றக் கூடுமாயின் மின்கலத்தையும் நீக்கி, இயக்குபொத்தானை 30 நொடி அழுத்தியபின் மீண்டும் இயக்குக. நினைவகப் பலகையைக் கழற்றி மாட்டுதலும் சிலகால் உதவும். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின் கருவி ஏழை மாணவர் கைக்கும் வந்தது. அதன் நோயைச் சொல்லும் மொழியோ இன்னும் கடைக்காரன் வாயில்! அடுத்தமுறை அவனிடம், "பின்னொளியா, வடமா, திரையா?" எனத் தமிழிலேயே கேட்க.