காரச் சுருட்டும் காலமும்

மின்னி பேயில் வாழும் மூத்த அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஓர் ஐயம் எழுப்பினார். உறையூரிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த காரச் சுருட்டுக் கட்டு ஒன்றை அவர் இரண்டு ஆண்டுகளாகத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாராம். நாள்பட்டால் சுருட்டுக்குச் சுவை கூடும் என்பது மெய்தானா, இன்னும் வைத்திருக்கலாமா என்பது அவர் கேள்வி. ரயிலே ஓடாத தீவில் ரயில் சீட்டு எழுதும் குமாஸ்தாவுக்குச் சுருட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் நகைக்கலாம். திண்டுக்கல் பக்கம் பார்சல் அலுவலகத்தில் சில காலம் புகையிலைச் சிப்பங்களின் நடுவே உட்கார்ந்து கணக்கெழுதியவன் நான். அந்த நெடி எளிதில் மறப்பதன்று.

சுருட்டு என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் ‘செரூட்’ என்று ஆக்கிக்கொண்டனர். திண்டுக்கல் வட்டாரத்து இலையைத் திருச்சி உறையூரில் சுருட்டிக் கடல் கடந்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அத்துணைப் பெயர்!

நாள்படுதல் சுவையை மாற்றுவது மெய்யே. பழைய அரிசியும் பழம் புளியும் மாறுவதைப் போன்றதுதான் இதுவும். பறித்த இலையை உலர்த்தும்போது பச்சையம் சிதைந்து நிறம் மாறுகிறது. அதன்பின் இலைகளை அடுக்கிப் புழுங்க விடுவார்கள். அடுக்கின் நடுவே சூடு தானாகவே ஏறும். மிகுதியாக ஏறாமல் அவ்வப்போது பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளுமாக மாற்றி அடுக்குவார்கள். இலையிலுள்ள புரதம் முதலியவை சிதைந்து அம்மோனியாவாக வெளியேறுவது அப்போதுதான். புதுச் சுருட்டைப் பற்றவைத்தவுடன் மூக்கைக் குத்தித் தொண்டையைச் சுரண்டுகிறதே, அது பெரும்பாலும் போகாமல் எஞ்சிய அம்மோனியாவின் வேலை.

செடியின் அடியிலை மெல்லியது. உச்சியில் வெயில் தின்ற இலையோ தடிப்பானது. எண்ணெய்ப் பசையும் நிகோடினும் அதில் மிகுதி. காரச் சுருட்டின் உள்ளிலையில் இதுவே அதிகம். ஆகவே அது அடங்கக் காலம் வேண்டும். முதல் ஓராண்டில் நெடி தணியும். உள்ளிலை, கட்டிலை, மேலிலை மூன்றின் மணமும் தனித்தனியே நில்லாமல் ஒன்றோடொன்று கலக்கும். மேலும் சில ஆண்டுகளில் மிளகுபோல் நாக்கைக் கடித்த காரம் மழுங்கி, தோலும் மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மணமும் இலேசான இனிப்பும் தலைகாட்டும் என்பது பழகியவர்கள் சொல்வது. அதற்குமேல் வைத்தால் காரம் போவதோடு மணமும் போய், வைக்கோலைப் புகைத்ததுபோல் ஆகிவிடும். மென்மையான சுருட்டுக்கு இந்த நெடுங்காத்திருப்பே வீண். இருக்கிற மணமும் பறந்துபோகும்.

இவ்வளவும் நடப்பதற்கு நிபந்தனை உண்டு. காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை, வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அளவில், ஆண்டு முழுதும் ஏறக்குறைய மாறாமல் இருத்தல் வேண்டும். நம் தீவிலோ இரண்டு பருவமழையும் பெய்கின்றன. ஈரம் 80ஐத் தொட்டு நிற்கிறது. வெப்பம் 30ஐ எட்டுகிறது. பெட்டியிலிட்ட செருப்பே பூசணம் பூக்கும் ஊரில் சுருட்டு முதிராது, கெட்டுத்தான் போகும். அன்பரின் கட்டில் பஞ்சு போன்ற வெண்மையோ பச்சையோ படர்ந்திருந்தால் அதை முதிர்ச்சியின் அடையாளம் என்று எண்ணித் துடைத்துப் புகைக்க வேண்டா; எறிந்துவிடுவதே தக்கது. வெயிலில் காயவைப்பதும் பயனற்றது. மேலிலை வெடிக்கும், மணமும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதிர்ந்த சுருட்டு தொண்டையை உறுத்தாதபடியால் உடம்புக்கும் சாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நம்புகின்றனர். நெடி குறைந்ததே ஒழிய நஞ்சு குறையவில்லை. புற்றுநோயை விளைக்கும் நைட்ரோசமீன் என்னும் பொருள்கள், இலையை உலர்த்திப் புழுங்கவைக்கும் அதே பக்குவத்தின்போதுதான் உண்டாகின்றன. சுவையைத் தருகிற அடுப்பிலேயே நஞ்சும் வேகிறது என்க. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும், சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணோ வெள்ளைத் திட்டோ உள்ள பெரியவரை வீட்டார் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ‘சுருட்டுச் சூடு’ என்று வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பது ஆபத்து.

சுருட்டே இல்லாத இல்லங்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. சுருட்டில் குண்டூசித் துளை போடும் சிறு பழுப்பு வண்டு, சமையலறையில் மஞ்சளையும் மல்லியையும் மிளகாய் வற்றலையும் துளைக்கும் அதே வண்டுதான். ஒரே அலமாரியில் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். துளை கண்ட பொருளை அகற்றிவிட்டு, நல்லதாகத் தோன்றும் மல்லியையும் மஞ்சளையும் காற்றுப் புகாத உறையிலிட்டு, குளிர்பெட்டியின் உறைபனி அறையில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தபின், குளிர் முழுதும் ஆறும்வரை உறையைப் பிரிக்கலாகாது. பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படியே அதன்மேல் வேர்த்துவிடும்.